சுண்டைக்காய் கால் பணம், சக்கரம் முக்கால் பணம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. திருவனந்தபுரம் கவடியார் சாலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்பே இன்னொரு கூட்டம் வந்து நின்றுவிடுகிறது. உடம்போடு ஒட்டிய சட்டை, தலையில் காளான் கவிழ்த்தாற்போல் ஹெல்மெட், நடந்தால் டக் டக் என்று சத்தம் போடும் ஷூ. வாரத்தில் ஐந்து நாள் டெக்னோபார்க்கில் கணிப்பொறிக்கு முன் உட்கார்ந்திருப்பவர்கள், பல் டாக்டர்கள், பாங்க் அதிகாரிகள், ஓய்வுபெற்ற ஒன்றிரண்டு போலீஸ்காரர்கள். பேச்சில் பாதி மலையாளம், கால்வாசி தமிழ், மீதியெல்லாம் கிராம் கணக்கு. "ரிம் 450 கிராம்", "ஹப் 300 கிராம்" என்று காதில் விழும்போது தவறிப்போய் நகைக்கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும்.

அந்தக் கூட்டத்தில் வைத்துத்தான் என் அக்கா மகன் செல்போனை நீட்டினான். "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். கன்னங்கரேலென்று இரண்டு சக்கரங்கள். கார்பன். விலை ரூ.92,000. அவன் ஓட்டுகிற சைக்கிளின் விலையே ரூ.85,000தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொன்னதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். பையன் பந்தயம் ஓட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. பதக்கம் வாங்குகிற ஓட்டம் இல்லை, ஆனால் கடைசியிலும் வருவதில்லை. "வீல் மாத்தினா முதல் பத்துக்குள்ள வந்துடுவேன் மாமா. தவணையிலதான் எடுக்கப் போறேன். அம்மாகிட்ட மட்டும் நீங்க சொல்லிடுங்க."

விஷயம் இதுதான். என்னிடம் கேட்டது ஆலோசனை அல்ல, சிபாரிசு. அக்காவிடம் போய் நிற்பதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது என்று ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். அந்த மாதத்தில் தெரிந்துகொண்டதும், இருபது வருடம் சைக்கிள் மிதித்ததில் பட்டுத் தெரிந்ததும்தான் இந்த வாரம். இந்தூரிலும் புனேயிலும் ஜாம்ஷெட்பூரிலும் இருக்கும் வாசகர் வீடுகளிலும் இப்படி ஒரு பையனோ பெண்ணோ செல்போனை நீட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

திருவனந்தபுரம் சைக்கிள் பந்தயத்துக்குப் புதிய ஊர் அல்ல. காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி வளாகத்தில் வெலோட்ரோம் இருக்கிறது. 2015ல் கேரளம் தேசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்தியபோது சைக்கிள் டிராக் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் பொன்முடியில் நடந்தது. பாரீஸ் ஒலிம்பிக்கிற்குப் போக முயன்றுகொண்டிருந்த வெளிநாட்டு வீரர்கள் நம் தேயிலைத் தோட்டத்துச் சேற்றில் விழுந்து எழுந்ததை உள்ளூர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஆனால் அமெச்சூர் பந்தயக்காரனுக்கு இந்த ஊரின் விசேஷம் வேறு. அறுபது கிலோமீட்டருக்குள் எல்லா வகைச் சாலையும் கிடைத்துவிடுகிறது. கழக்கூட்டத்திலிருந்து தெற்கே போகும் பைபாஸ் தட்டையாக, நேராக ஓடுகிறது. முக்கோலாவைத் தாண்டி காரோடு வரை கான்கிரீட். கோவளம் பக்கம் கடற்காற்று, ஏற்றமும் இறக்கமும். நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாறு போனால் அதற்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பொன்முடி. உச்சி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே. போதாததற்கு வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். இந்த ஊர்க்காரன் தட்டைச் சாலைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று இரண்டு ஜோடி சக்கரம் வைத்துக்கொள்ள முடியாது. எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கிற ஒரே ஜோடிதான் வேண்டும். கடைக்காரர்கள் 'ஆல்ரவுண்டர்' என்று சொல்வது அதைத்தான். கிரிக்கெட்டில் ஆல்ரவுண்டர் என்று பெயர் வாங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே ஆல்ரவுண்டர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் அண்ணா பிறந்த நாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டிப் போட்டி நடக்கிறது. வயதுக்குத் தக்கபடி 10 முதல் 20 கிலோமீட்டர். இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி கொண்ட சைக்கிளில்தான் வர வேண்டும் என்பது விதி. எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி சக்கரத்தில் வருவதால் ஜெயித்தது கால் என்று தெரிந்துவிடும். அந்தச் சக்கரத்தை அலட்சியமாக நினைத்துவிட வேண்டாம். நம் அப்பாக்கள் ஓட்டிய 28 அங்குலச் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. இரண்டு மூட்டை அரிசியும் ஒரு மாமனாரும் ஏறினாலும் தாங்கும். இரண்டு கம்பி அறுந்தாலும் வீடு வந்து சேரலாம்.

இந்தக் கம்பிகள் வேலை செய்யும் விதம் கொஞ்சம் வேடிக்கையானது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் தூண் மாதிரி நின்று பாரத்தைத் தாங்குகிறது. சைக்கிள் கம்பியோ தாங்குவதில்லை, இழுக்கிறது. ரிம்மை எல்லாத் திசையிலிருந்தும் ஹப்பை நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பி ஒவ்வொன்றும் நூறு கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற இழுவிசையில் நிற்கிறது. நீங்கள் சீட்டில் உட்காரும்போது அடியில் இருக்கும் சில கம்பிகளின் இறுக்கம் கொஞ்சம் தளர்கிறது, அவ்வளவுதான். கம்பிகளை ஹப்பிலிருந்து நேராக நீட்டாமல் சாய்வாகக் குறுக்கே போட்டால் மிதிக்கும் விசை நன்றாகக் கடத்தப்படும் என்று கண்டுபிடித்து 1874ல் காப்புரிமை வாங்கியவர் ஜேம்ஸ் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர். ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை. கம்பி குறைந்தது, ரிம் கனத்தது, விலை ஏறியது.

இனி கிராம் கணக்குக்கு வருவோம். பையனின் சைக்கிளோடு வந்த சக்கரங்கள் ஜோடியாக இரண்டு கிலோவை ஒட்டி இருக்கின்றன. அவன் காட்டிய கார்பன் ஜோடி 1,500 கிராம். மிச்சம் அரைக் கிலோ. சைக்கிளும் ஆளும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 80 கிலோ என்று வைத்தால் அரைக் கிலோ என்பது 0.6 சதவீதம். பொன்முடி ஏற்றத்தை ஒரு மணி நேரத்தில் ஏறுகிறவனுக்கு அதிகபட்சம் இருபது வினாடி மிச்சமாகும். சுழல்கிற எடை இரண்டு மடங்கு என்று இந்தக் கூட்டத்தில் ஒரு வேதவாக்கு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்கும்போது ரிம்மில் இருக்கும் ஒரு கிராமுக்கு இரண்டு கிராம் அளவுக்குச் சக்தி செலவாகும். ஆனால் சீராக ஏறும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வேகம் பிடிக்கும்போதுகூட இரண்டு மடங்கு என்பது 80 கிலோவில் ஒரு கிலோதான். முந்தின இரவு சாப்பிட்ட பரோட்டாவின் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

எடையைவிடப் பெரிய விஷயம் காற்று. மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 40க்குப் போனால் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி இரண்டேகால் மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. வேகத்தின் மும்மடி விதி அது. ரிம்மை ஆழமாக்கி, 40, 50 மில்லிமீட்டர் என்று வாழைப்பூ மடல் போல நீட்டினால் காற்று வழுக்கிக்கொண்டு போகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் பழைய தட்டை ரிம்மோடு ஒப்பிட்டால் பத்து வாட்டுக்கு முன்பின் மிச்சம் வரலாம். ஓர் அமெச்சூர் நீண்ட நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி இருநூறு வாட்டை ஒட்டி என்று வைத்தால் இது அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. காற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு ஓட்டுகிறவனின் உடம்பு. முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்தினால் கிடைக்கும் லாபம் எந்த ரிம்மும் தராதது, அதற்குத் தவணை கட்டவும் வேண்டாம். பந்தயத்தில் பாதி நேரம் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டுதான் போகிறோம். அங்கே காற்றின் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே குறைந்துவிடுகிறது. சக்கரம் செய்யும் உபகாரமும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு நான் டயரைப் பார்த்தேன். பையன் சைக்கிளில் இருந்தது கடையில் மாட்டிக் கொடுத்த, முள்ளுக்கும் கல்லுக்கும் அஞ்சாத தடித்த டயர். சாலையில் உருளும்போது டயர் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் சக்தி வீணாகிறது. தடித்த டயரில் உருளும் தடை எடையில் ஆயிரத்துக்கு ஆறு பங்கு என்றால், நல்ல பந்தய டயரில் நாலு பங்கு. 80 கிலோவுக்கு, மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் கணக்குப் போட்டால் வித்தியாசம் 16 வாட். முதுகுக்குப் பின்னால் ஒண்டினாலும், ஏற்றத்திலும், தனியாகப் போனாலும் இந்த லாபம் உங்களை விட்டுப் போகாது. ஜோடி டயரின் விலை எட்டாயிரம் ரூபாய். தொண்ணூற்றிரண்டாயிரத்தையும் எட்டாயிரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி, பக்கத்தில் 10, 16 என்று போட்டுக் காட்டினேன். பையன் என்ஜினியர். அதனால் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து தானும் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் காலை, "உங்க கணக்கு சரிதான் மாமா" என்று கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னான்.

டயரின் அகலத்திலும் பழைய நம்பிக்கைகள் கவிழ்ந்துவிட்டன. எங்கள் காலத்தில் 23 மில்லிமீட்டர் டயரில் 120 பி.எஸ்.ஐ. காற்றடித்து, கல் மாதிரி இருந்தால்தான் வேகம் என்று நினைத்தோம். ஒவ்வொரு குண்டிலும் சைக்கிள் எகிறிக் குதித்ததை வேகம் என்று எடுத்துக்கொண்டோம். இன்றைக்கு 28 மில்லிமீட்டர் சாதாரணம். எழுபது கிலோ ஆளுக்கு 65 முதல் 75 பி.எஸ்.ஐ. போதும். கரடுமுரடான தாரில் இதுதான் வேகம், முதுகெலும்புக்கும் நல்லது. எனவே சக்கரம் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ரிம்மின் ஆழத்தை அல்ல, உள் அகலத்தை. 21 முதல் 23 மில்லிமீட்டர் இருந்தால் 28 டயர் ஒழுங்காக உட்காரும். தன் சைக்கிளின் சட்டத்தில் அந்த டயருக்கு இடம் இருக்கிறதா என்பதையும் அளந்துகொள்ள வேண்டும். அளக்காமல் வாங்கிவிட்டு அரம் எடுத்துத் தேய்த்தவரையும் பார்த்திருக்கிறேன்.

ஆழமான ரிம்முக்கு ஒரு பரீட்சை வைக்க நினைத்தால் தூரம் போக வேண்டாம். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் போய், அங்கிருந்து ஆரல்வாய்மொழிப் பக்கம் திரும்புங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் புகுந்து அடிப்பதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். ஜூன், ஜூலையில் அந்தச் சாலையில் 60 மில்லிமீட்டர் ரிம்மோடு போனவர்களை எனக்குத் தெரியும். பக்கவாட்டுக் காற்று முன்சக்கரத்தைப் பாய்மரம் போலப் பிடித்துத் திருப்பும். லாரி ஒன்று முந்திப் போகும்போது காற்று ஒரு கணம் நின்று மறுபடி அறையும். எதிர்ச்சாய்வாகச் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்தவன் அந்த ஒரு கணத்தில் லாரிப் பக்கம் சாய்கிறான். பந்தயத்தில் மிச்சம் பிடிக்க நினைத்த பத்து வாட்டை அங்கே பயந்தே செலவழித்துவிடுவீர்கள். 35, 40 மில்லிமீட்டர் ஆழத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். உடல் எடை அறுபதுக்குக் கீழே இருப்பவர்கள் முன்சக்கரத்தில் இன்னும் குறைத்துக்கொள்ளலாம்.

ஏறினதெல்லாம் இறங்கித்தான் ஆக வேண்டும். பொன்முடியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். நான் இறக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் என் இடது காறை எலும்பில் ஓர் உலோகத் தகடு இருக்கிறது.

எட்டு வருடங்களுக்கு முன்பு நானும் இந்த ஆசைக்கு ஆட்பட்டேன். ஒருவர் பயன்படுத்திக் கழித்த கார்பன் சக்கரங்கள் பாதி விலைக்குக் கிடைத்தன. ரிம்மையே பிடிக்கும் பழைய வகை பிரேக். ஏறும்போது சந்தோஷமாக இருந்தது. இறங்கும்போது மழைச் சாரல், முன்னால் ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ். அதை முந்தவும் முடியாது, பஸ் விடும் புகையில் அதிகம் நெருங்கவும் முடியாது. பிரேக்கைப் பிடித்தபடியே ஆறேழு வளைவுகள் இறங்கினேன். பிளாஸ்டிக் தீய்கிற வாடை வந்தது. பஸ்ஸிலிருந்து வருவதாகத்தான் நினைத்தேன். அடுத்த வளைவில் முன் ட்யூப் துப்பாக்கி போல வெடித்தது. நல்லவேளை, இடப்பக்கம் மலைச்சுவரும் ஓடையும். வலப்பக்கம் பள்ளம்.

பிற்பாடு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வேறு வேலை இல்லை. 80 கிலோ எடை 900 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி சுமார் 700 கிலோஜூல். இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும். வேகமாக இறங்குகிறவனுக்கு அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து பிரேக்கைப் பிடித்து இறங்குகிறவனுக்கு அத்தனையும் சூடாக ரிம்முக்குள் போகிறது. அலுமினியம் சூட்டை வாங்கி உடனே காற்றில் விட்டுவிடும். கார்பன் இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் சூட்டில் இளகிவிடும். என் ரிம்மின் விளிம்பு அப்பளம் போல உப்பியிருந்தது. விற்றவரைக் குறை சொல்லி என்ன பயன், பாதி விலைக்கு ஆசைப்பட்டது நான்தானே.

இன்றைக்கு விற்கிற பந்தய சைக்கிள்களில் பெரும்பாலானவை டிஸ்க் பிரேக். சூடு ரிம்முக்குப் போகாமல் நடுவில் உள்ள உலோகத் தட்டுக்குப் போய்விடுகிறது. பையனுடையதும் அதுதான். ஆகவே கார்பன் அவனுக்கு ஆபத்தில்லை என்று நியாயமாக ஒப்புக்கொள்கிறேன். ரிம் பிரேக் சைக்கிள் வைத்திருப்பவர்கள், மலை இறங்குகிறவர்களாக இருந்தால், அலுமினியத்தை விட்டு நகர வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை, புதிய ரிம்களைப் பற்றி. டயரின் ஓரத்தைக் கவ்விப் பிடிக்க ரிம்மின் உள்விளிம்பில் சின்னக் கொக்கி போல ஒரு வளைவு இருக்கும். செய்வது சுலபம் என்பதால் இப்போது பல கார்பன் ரிம்கள் அந்தக் கொக்கி இல்லாமல் வருகின்றன. அவற்றில் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடிக்கக் கூடாது. எல்லா டயரையும் மாட்டவும் கூடாது, அதற்கென்று அனுமதித்த டயர் மட்டுமே. 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகச் சுற்றுப் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட் விழுந்தபோது அவருடைய டயர் இப்படிப்பட்ட ரிம்மைவிட்டுக் கழன்று தொங்கியது. கூடவே கார், மெக்கானிக், டாக்டர் எல்லாம் வருகிற தொழில்முறைப் பந்தயக்காரருக்கே அந்தக் கதி. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற நமக்குக் கொக்கி உள்ள ரிம்தான் சரி. பையன் காட்டிய ஜோடியில் கொக்கி இல்லை. விளம்பரத்தில் அது சின்ன எழுத்தில் கீழே போட்டிருந்தது.

இந்த இடத்தில் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவில்காரர். சாலை பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அளவில் சைக்கிள் கடை. நாற்பது வருடமாகக் கோட்டம் எடுக்கிறார். அவரிடம் கார்பன் சக்கரத்தின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கம்பி எத்தன சார்?"

"முன்னால இருபது, பின்னால இருபத்திநாலு."

"ஒண்ணு அறுந்தா?"

நான் பதில் சொல்லவில்லை. கம்பி குறையக் குறைய ஒவ்வொன்றின் பங்கும் கூடுகிறது. இருபதில் ஒன்று போனால் சக்கரம் கோணி, சட்டத்தில் உரசி, அங்கேயே நின்றுவிடும். அதுமட்டுமல்ல. அந்தக் கம்பி தட்டையானது, தலை வளையாத நேர்க்கம்பி, அந்தக் கம்பெனி அளவு. சாலை பஜாரில் கிடைக்காது. பெங்களூரிலிருந்து வரவழைக்க வேண்டும், சில சமயம் தைவானிலிருந்து. அதுவரை சைக்கிள் சுவரில் தொங்கும். "சவத்த, கடல் காத்துல அலுமினிய நிப்பிள் ரெண்டு மழைக்குத் தாங்காது சார், மாவா உதிர்ந்திரும். பித்தளை போட்டிருக்கானான்னு கேளுங்க" என்றார். கேட்டேன். அலுமினியம்தான். ஜோடிக்கு இருபது கிராமோ என்னமோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

ஹப்புக்குள் இருக்கும் பால்ரஸ் விஷயமும் இப்படித்தான். பழைய சைக்கிளில் குண்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மறுபடி மாட்டுவார்கள். இப்போது வரும் மூடிய பெயரிங் அப்படிக் கழுவுவதற்கு இல்லை, தேய்ந்தால் தூக்கிப் போட்டுப் புதிது போட வேண்டியதுதான். அதில் தப்பில்லை, அளவு சாதாரண அளவாக இருக்கும் பட்சத்தில். மோட்டார் உதிரிபாகக் கடையில் கிடைக்கிற எண்ணாக இருந்தால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். விசேஷ அளவாக இருந்தால் கம்பெனி சொன்னதுதான் விலை. வருடத்தில் இரண்டு மழைக்காலம் ஓட்டுகிற ஊரில் இதைக் கேட்காமல் ஹப் வாங்கக் கூடாது. பின் ஹப்பில் பல்சக்கரம் மாட்டும் பகுதி தன் கியருக்குப் பொருந்துமா, அச்சின் அளவு சட்டத்துக்குச் சரியா என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பிரித்த பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் குறைவு.

காசு விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் சுங்க வரி தனி. உலகத்தின் கார்பன் ரிம்களில் பெரும்பாலானவை சீனாவிலும் தைவானிலும்தான் தயாராகின்றன. ஆகவே பெயர் தெரியாத கம்பெனி என்றாலே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் குழியில் விழுந்து ரிம் விண்டுபோனால் உள்ளூரில் பொறுப்பேற்க ஆள் உண்டா என்பதுதான் கேள்வி. அடிபட்ட ரிம்மைக் குறைந்த விலைக்கு மாற்றித் தரும் கம்பெனிகள் இருக்கின்றன. பைபாஸில் வாராவாரம் தனியாக நேரத்தோடு போட்டி போடுகிறவர், டிஸ்க் பிரேக் உள்ளவர், இந்த உத்தரவாதத்தோடு 40 மில்லிமீட்டர் கார்பன் வாங்கினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவருக்கு அது பிரயோஜனம். தவணை கட்டி வாங்கிவிட்டுக் குழிக்குப் பயந்து பந்தயத்தன்று மட்டும் மாட்டுகிறவருக்கு என்ன பிரயோஜனம் என்று எனக்குப் புரியவில்லை.

பையன் முதலில் டயரை மட்டும் மாற்றினான். அதே சைக்கிள், அதே பழைய சக்கரம், கழக்கூட்டத்திலிருந்து வழக்கமாக ஓட்டும் 30 கிலோமீட்டர். ஒரு நிமிடத்துக்கு மேல் குறைந்தது. காற்று வேறு, நாள் வேறு என்பதால் நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அவன் முகம் சத்தியம் பண்ணியது. அதற்குப் பிறகு கார்பன் பேச்சு குறைந்தது. அலுமினிய ரிம், 30 மில்லிமீட்டர் ஆழம், உள் அகலம் 21, கொக்கி உண்டு. முன்னால் 24 கம்பி, பின்னால் 28, எல்லாம் தலை வளைந்த சாதாரணக் கம்பி, பித்தளை நிப்பிள். சாதாரண அளவு பெயரிங் உள்ள ஹப். தனித்தனியாக வரவழைத்தோம். டயரோடு சேர்த்து ரூ.36,000 ஆயிற்று. எடை 1,620 கிராம். அவன் ஆசைப்பட்டதைவிட 120 கிராம் அதிகம். அக்காவிடம் தொகையைச் சொன்னேன். "ரெண்டு சக்கரத்துக்கா?" என்று கேட்டுவிட்டு வெகு நேரம் பேசவில்லை. மீதி ரூ.56,000 மிச்சமானதை நான் எவ்வளவு விளக்கியும் அவளுக்கு அது மிச்சமாகத் தெரியவில்லை.

அண்ணாச்சி கடையில்தான் கோத்தோம். முழுசாக ஒரு மாலை ஆயிற்று. கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, நிப்பிளைத் திருகி, பழைய முன் கவையைக் கவிழ்த்துச் செய்த தாங்கியில் சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்முக்கும் ஆணிக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு கம்பியாக விரலால் மீட்டினார். இறுக்கம் சரியாக இருந்தால் ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் பேச வேண்டுமாம். பையனுக்கு நம்பிக்கை இல்லை. ஓசையை வைத்து இறுக்கத்தைச் சொல்லும் ஆப் ஒன்றைச் செல்போனில் போட்டு, கம்பிக்குப் பக்கத்தில் பிடித்தான். பதினொன்றாவது கம்பி வரை இருவரும் ஒத்துப் போனார்கள். பன்னிரண்டாவதில் செல்போன் சரி என்றது. அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் மீட்டினார். பிறகு சாவியை எடுத்துக் கால் சுற்று திருகினார்.

"இப்பப் பிடிங்க தம்பி."